கபிட்டல் வி, சிம்பிள் வி

இங்கே புரோகிராமிங் பழகும் பெடியளின் கோடைப் பார்த்தால் ஒன்று கண்ணில் குத்தும். மேப்பில் (கீ என்னும் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய தகவலான வேல்யூவைத் தரும் பட்டியல்) போடும்போது ஒரு டூலோவர்கேஸ் (இங்கிலீஷ் கபிட்டலைச் சின்ன எழுத்தான சிம்பிளுக்கு மாற்றும் கட்டளை), எடுக்கும்போது ஒரு டூலோவர்கேஸ், அழிக்கும்போது மறதி. கபிட்டல், சிம்பிள் வித்தியாசம் பார்க்கக்கூடாது என்றால் அந்தப் பொறுப்பை மேப்பே சுமக்கட்டும். கூப்பிடுகிற ஒவ்வொரு வரியின் தலையிலும் ஏன் கட்டுகிறீர்கள்?

இலங்கையில் எங்கள் பழைய ஐசி (அடையாள அட்டை) நம்பரை எடுங்கள். ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு வி அல்லது எக்ஸ். (2016 முதல் வரும் புதியதில் 12 இலக்கம் மட்டும்தான். ஆனால் பழைய அட்டைக்காரர் இன்னும் எத்தனை பேர்!) கவுண்டரில் ஒருவர் கபிட்டலில் அடிப்பார், மற்றவர் சிம்பிளில். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு.

இதற்கு ஜாவாவில் அந்த நம்பரைக் கீயாக்க ஒரு சின்ன கிளாஸ் எழுதுவார்கள். இரண்டு கீயும் ஒன்றா என்று பார்க்கும் ஈக்குவல்ஸுக்குள், கேஸ் (கபிட்டல், சிம்பிள் வித்தியாசம்) பார்க்காத ஈக்குவல்ஸ்இக்னோர்கேஸ் போடுவார்கள், எழுத்துகளிலிருந்து ஹாஷ் என்ற ஓர் எண்ணைக் கணக்கிடும் ஹாஷ்கோடை மட்டும் பழையபடி ஸ்ட்ரிங்கிடமே (ஜாவாவின் எழுத்துச்சரம்) விட்டுவிடுவார்கள். கபிட்டல் வியின் யூனிகோட் எண் 86, சிம்பிள் வியினுடையது 118. கடைசி எழுத்து என்பதால் ஹாஷும் சரியாக 32 தள்ளிப் போகும். 16 பக்கெட் (ஹாஷைப் பார்த்துக் கீயைப் போடும் அறை) உள்ள மேப்பில் இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கெட்டில்தான் விழும், ஆனாலும் கிடைக்காது. ஜாவாவின் இந்த மேப்பான ஹாஷ்மேப் முதலில் ஹாஷைத்தான் ஒப்பிடும், பொருந்தாவிட்டால் ஈக்குவல்ஸ் பக்கமே போகாது.

சீஷார்ப்காரருக்குக் கவலை குறைவு. டிக்‌ஷனரி (அங்கே மேப்புக்கு அந்தப் பெயர்) உருவாக்கும்போதே கேஸ் பார்க்காத ஆர்டினல்இக்னோர்கேஸ் என்ற ஒப்பீட்டு விதியைக் கொடுத்தால் முடிந்தது. ஜாவா ஹாஷ்மேப்பில் அந்த வசதி இல்லை, கீயை வரிசைப்படுத்தி வைக்கும் ட்ரீமேப்பில் உண்டு. தேடல் கொஞ்சம் மெதுவாகும், கடைக் கணக்குக்கு அதெல்லாம் தெரியாது. டூலோவர்கேஸ்தான் வேண்டும் என்றால் எந்த நாட்டு மொழி வழக்கையும் சாராத லொக்கேல் ரூட் கொடுங்கள். துருக்கி லொக்கேலில் கபிட்டல் ஐ, புள்ளியில்லாத சிம்பிள் ஐயாக மாறிவிடும்.

சரி, தமிழில் கபிட்டலே இல்லையே, தப்பினோம் என்கிறீர்களா? கொக்குவில் என்று ஊர்ப்பெயரைக் கீயாகப் போட்டுப் பாருங்கள். முதலெழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியாக வந்தால் யூனிகோடில் மொத்தம் 10 குறி, தனித்தனியாக வந்தால் 11. திரையில் ஒரு வித்தியாசமும் இராது, மேப்புக்கு இரண்டு ஊர். டூலோவர்கேஸும் ஆர்டினல்இக்னோர்கேஸும் இதைத் தொடவே தொடாது. என்எஃப்சிக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த யூனிகோட் வடிவம்) மாற்றிய பிறகுதான் கீ ஆக்க வேண்டும். அதற்கு ஜாவாவில் நார்மலைசர், பைத்தானில் யூனிகோட்டேட்டா, எல்லாம் கூடவே வருகிறது. என்னைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு முதல் பாடமே இதுதான், கேஸ் இரண்டாவது.

இன்னொன்று. ஆள் எழுதித் தந்த எழுத்தை வேல்யூவுக்குள் அப்படியே தனியாக வைத்திருங்கள். இல்லையென்றால் பில்லில் எல்லோருடைய இங்கிலீஷ் பெயரும் சிம்பிளில் வரும், பிறகு அதற்கும் போன் எடுப்பார்கள்.