12 பென்னி திருடினால் தூக்கா?

இடைக்கால இங்கிலாந்து என்றாலே தூக்குமரம், சித்திரவதை, ரத்தம் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். சட்டத்தை மட்டும் பார்த்தால் அது பொய்யும் இல்லை. 12 பென்னிக்கு மேல் பெறும் பொருளைத் திருடினால் தூக்கு, அவ்வளவுதான். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் இப்படி நீதிபதி முன் நின்றவர்களில் பெரும்பாலானோர் விடுதலையாகி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

காரணம் ஜூரி. 12 பேர், எல்லாம் அந்த வட்டாரத்து ஆட்கள். திருடியது உண்மைதான், ஆனால் ஆளைச் சாகடிக்க மனசில்லை என்றால் பொருளின் விலையைக் குறைத்துச் சொல்லிவிடலாம். கொலை வழக்கு இன்னும் சுவாரசியம். தற்காப்புக்காகக் கொன்றவனுக்கு மன்னரின் மன்னிப்பு கிடைக்கும், ஆனால் தப்பிக்க வேறு வழியே இருந்திருக்கக் கூடாது. அதனால் சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான கொரோனரின் பதிவில் வெறும் அடிதடியாக இருந்த சம்பவம் ஜூரி வாயில் வரும்போது, பாவம் அவன் ஓடினான், துரத்தினார்கள், ஒரு சுவரோ பள்ளமோ வேலியோ குறுக்கே வந்துவிட்டது, வேறு வழியில்லாமல் திரும்பி ஒரே ஒரு அடி அடித்தான் என்று மாறிவிடும். எத்தனை வழக்கில்தான் அந்தச் சுவர் சரியான இடத்தில் வந்து நின்றதோ!

சரி, இதை மக்களின் கருணை என்று கொண்டாடலாமா? எனக்கு அதுவும் ஒப்பவில்லை. அந்தக் கருணை ஆள் பார்த்துத்தான் வந்தது. பாதிரிகளை மரண தண்டனை இல்லாத திருச்சபை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பாதிரி என்பதற்கு அத்தாட்சி? வாசிக்கத் தெரிந்தால் போதும். பெரும்பாலும் வாசிக்கக் கொடுப்பது பைபிளின் 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தும் தப்பிக்கலாம். 1489இல் ஏழாம் ஹென்றி காலத்துச் சட்டம்தான், பாதிரி அல்லாதவனுக்கு இந்தச் சலுகை ஒரே ஒரு முறை என்று சொல்லி, அடையாளத்துக்குக் கட்டைவிரலில் சூடு போட வைத்தது. கொலைக்கு ‘எம்’ (M), திருட்டுக்கு ‘டி’ (T).

கன்னியாஸ்திரிகளைத் தவிர பெண்களுக்கு இந்த வழியே கிடையாது, எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சரி. ஒரே திருட்டில் கணவன் வசனம் சொல்லித் தப்ப, மனைவி தூக்குக்குப் போகலாம். கர்ப்பமாக இருந்தால் தண்டனை தள்ளிப்போகும், சட்டப்படி ரத்தாகாது. அப்புறம், மனைவியைக் கொன்றவன் மீது வெறும் கொலைவழக்கு, ஆனால் கணவனைக் கொன்றவளை 1352ஆம் ஆண்டுச் சட்டம் துரோகி என்றது, அதற்குத் தண்டனை உயிரோடு எரிப்பது. பெண்களை எரிக்கும் அந்தத் தண்டனையை ஒழிக்க அவர்களுக்கு 1790 வரை ஆகியிருக்கிறது.