பேனாவை ஆட்டிக் காட்டியவருக்கு

சனிக்கிழமை மேடையில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அறிதுயிலால், அதாவது ஹிப்னாடிசத்தால், சிகரெட்டை விடுவது பித்தலாட்டம் என்று ஒரு மருத்துவர் சொல்லி, அதன் உதவியோடு விட்டவனான என்னையே வைத்து வசியம் செய்வதுபோல நடித்துக் காட்டினார், அவ்வளவுதான். அந்த 19 விநாடிக் காணொளியை உங்களில் பாதிப்பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். "இது நீங்கள்தானே?" என்ற கேள்வியோடும், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களோடும். ஆமாம், நானேதான். ஒருவர் மூக்குக்கு நேரே பேனாவைத் தொங்கவிட்டு இப்படியும் அப்படியும் ஆட்ட, பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் நானேதான்.

நான்கு நாட்கள் வாயைத் திறக்கவில்லை. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். "போதிய ஆதாரம் இல்லை" என்பது வேறு, "பித்தலாட்டம்" என்பது வேறு. படித்த மனிதர், அதிலும் மருத்துவர், முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவதைச் சொன்னால், கீழே உட்கார்ந்து கைதட்டுகிறவர்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஹிப்னோதெரபி எனப்படும் அறிதுயில் சிகிச்சையால் சிகரெட்டை விட முடியாது என்று அறிவியல் என்றைக்கோ நிரூபித்துவிட்டதாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள் என்றார் மருத்துவர். சரி, படித்தேன். 2019-இல் வந்தது. 14 ஆய்வுகள், மொத்தம் 1,926 பேர். முடிவு என்ன? புகையை விடுவதற்கு ஹிப்னோதெரபி மற்ற ஆலோசனை முறைகளைவிடவோ, உதவியே இல்லாமல் விடுவதைவிடவோ மேலானதா இல்லையா என்று தீர்மானிக்க, கையில் இருக்கும் சான்று போதாது. பலன் ஏதாவது இருந்தாலும் அது சிறியதாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. இந்த இரண்டாவது வாக்கியம் எனக்குச் சாதகமானதல்ல. இருந்தாலும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் என்னைப் பார்த்து யாரும் கைதட்டிக்கொண்டிருக்கவில்லை.

இதில் "நிரூபித்துவிட்டது" எங்கே இருக்கிறது? கயிறு எட்டவில்லை என்றால் கிணறு வற்றிவிட்டது என்று அர்த்தமா?

இந்தத் துறையில் ஏமாற்றுக்காரர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். நான் முதலில் போய் விழுந்ததே அப்படி ஒருவரிடம்தான். ஒரே அமர்வு, நூறு சதவீத உத்தரவாதம், வாழ்நாள் முழுவதும் சிகரெட்டைத் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள் என்றார். விளக்கை அணைத்தார், கடல் அலை ஓசையை ஒலிக்கவிட்டார், "இனி சிகரெட் உங்களுக்குச் சாக்கடை நாற்றம்" என்று குரலை உயர்த்தி மூன்று முறை சொன்னார். வெளியே வந்து படிக்கட்டு இறங்குவதற்குள் பற்றவைத்துவிட்டேன். சாக்கடை நாறவில்லை, வழக்கம்போல அருமையாகத்தான் இருந்தது. ஆகவே பித்தலாட்டம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன்.

இரண்டாவதாகப் போனது ஓர் உளவியலாளரிடம். அந்த அம்மையாரின் அறையில் இருட்டு இல்லை, அலை இல்லை, ஆடும் பொருள் எதுவும் இல்லை. முதல் ஐம்பது நிமிடம் கேள்விகள்தான். ஒரு நாளைக்கு எத்தனை என்று எல்லோரும் கேட்பார்கள். அவர் கேட்டது, "எந்தச் சிகரெட்?" காலையில் எழுந்ததும் பிடிப்பது என்றேன். அது எல்லோரும் சொல்வது, யோசியுங்கள் என்றார். யோசிக்க யோசிக்க வேறொன்று வந்தது. என் அண்ணனோடு தொலைபேசியில் பேசும்போது பிடிப்பது. பேசி முடித்த பிறகு அல்ல, பேச்சு சண்டையாக மாறப்போகிறது என்று தெரிந்த நொடியிலேயே கை தீப்பெட்டிக்குப் போய்விடும். 22 ஆண்டுகள் புகைத்திருக்கிறேன், இது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். மெதுவாக மூச்சு, இமை கனப்பது, கண் மூடுவது. மயக்கமெல்லாம் இல்லை. மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. மூக்கு அரித்தது, சொறிந்துகொண்டேன். வலது கை லேசாகிறது, லேசாகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த விளையாட்டெல்லாம் என்னிடம் நடக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை ஒரு சாண் உயரம் எழுந்து நின்றது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் சற்றே விலகி இருந்தன. எதைப் பிடிப்பதற்கென்று சொல்லத் தேவையில்லை. "அந்த விரல்களை என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார். அவ்வளவுதான். விரல்களைச் சேர்க்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்பீகல் 1970-இல் ஒரே அமர்வில் செய்யும் ஒரு முறையை வெளியிட்டிருக்கிறார். அதில் மூன்று வாக்கியங்கள் உண்டு. புகை உன் உடலுக்கு நஞ்சு, வாழ உனக்கு உடல் வேண்டும், அந்த உடலுக்கு நீ மரியாதையும் பாதுகாப்பும் தரக் கடமைப்பட்டவன். இதை அறிதுயில் நிலையில் சொல்லிக்கொண்டு, பின்பு நாள்தோறும் பலமுறை நாமே ஒரு நிமிடம் அந்த நிலைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த அம்மையார் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிற வாசகம் மாதிரி இருக்கிறது, தெரியும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் என்னை நானே பார்த்துச் சிரிப்பதும் மேடையில் ஒருவர் சிரிப்பதும் ஒன்றல்ல.

வசியம் போட்டதும் ஆசை பறந்துவிட்டது என்று நான் எங்கும் சொன்னதில்லை. நிகோட்டினுக்கு என் அறிதுயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் மூன்று நாட்கள் தூக்கம் இல்லை, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன், எதிலும் மனம் நிற்கவில்லை. இந்த அறிகுறிகள் முதல் சில நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எனக்கும் அப்படியே. ஓராண்டில் ஐந்து கிலோ கூடினேன், அதுவும் நூல்கள் சொல்லும் சராசரிக்குப் பக்கத்தில்தான். ஆனால் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்கள்தான் நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வதென்று 22 ஆண்டுகளாக எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தது. கண்ணை மூடி, விரல்களைச் சேர்த்துவிட்டு உட்காருவேன். இதைத்தான் அவர் பேனாவை வைத்து ஆட்டிக் காட்டினார்.

பாதிப் பிழை பெயரில் இருக்கிறது. 1840-களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கிரேக்கர்களின் தூக்கக் கடவுளான ஹிப்னோஸ் பெயரை வைத்து இதற்கு ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பினார். பிறகு இது தூக்கமே இல்லை, மனம் ஒன்றில் குவிவது என்று உணர்ந்து பெயரை மாற்றவும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. நாம் இன்னும் ஒரு படி மேலே போய் மனோவசியம் என்றோம். வசியம் என்றதுமே மையும் தாயத்தும் நினைவுக்கு வந்துவிடும், அப்புறம் யார் மதிப்பார்கள்? நம்மிடமே அறிதுயில் என்று ஒரு சொல் இருக்கிறது. அறிந்துகொண்டே துயில்வது. பிரெய்டு தேடிக் கிடைக்காமல் போன சொல் அதுதானோ என்று எனக்குத் தோன்றும்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

"நிகோட்டின் சூயிங்கமும் மென்றீர்களாமே?" மென்றேன், எட்டு வாரம். யார் மறைத்தார்கள்? ஆனால் அதே சூயிங்கத்தை அதற்கு முன்பும் இரண்டு முறை மென்றிருக்கிறேன். முதல் முறை 11 நாட்கள் தாங்கியது, இரண்டாம் முறை 4 மாதங்கள். இப்போது 2 ஆண்டுகள் 7 மாதங்கள் ஆகின்றன. சூயிங்கம் அதேதான், கூடச் சேர்ந்தது அந்த நாற்காலி மட்டும்தான். மூன்றாவது முயற்சி என்பதாலேயே வென்றிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கலாம். அடுத்த கேள்வி.

"மருந்தை விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்கிறீர்களா?" இல்லை, இல்லை, இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வரெனிக்ளின், நிகோட்டின் மாற்று மருந்துகள், புப்ரோபியான், சைட்டிசின் ஆகிய மருந்துகளையும், கூடவே ஆலோசனையையும் பரிந்துரைக்கிறது. என்னிடம் கேட்கிறவர்களிடம் முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பேனா ஆட்டாத மருத்துவராகப் பார்த்து.

"எல்லாம் வெறும் மருந்துப்போலி விளைவு." அதாவது, பலன் தருவது நம்பிக்கைதான், சிகிச்சை அல்ல என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், பார்த்திருக்கிறீர்களா? 1997-இல் ரேன்வில் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்த சோதனையைச் சொல்கிறேன். சுடுநீரில் கையை வைக்கச் சொல்லி, அறிதுயில் நிலையில் அந்த வலியின் வேதனை கூடுவதாகவும் குறைவதாகவும் மாறி மாறிச் சொன்னார்கள். மாறியது ஆளின் பேச்சு மட்டும் அல்ல, சொன்னபடியே மூளையின் சிங்குலேட் என்ற பகுதியில் செயல்பாடும் மாறியது. குடல் எரிச்சல் நோய்க்கு மருந்து கேட்காதவர்களுக்கு ஹிப்னோதெரபியைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. வலியும் குடலும் சிகரெட் அல்ல என்பீர்கள். சரிதான். அதனால் என் வழக்கு நிரூபணமாகிவிடாது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவனின் தலைக்குள் ஒன்றுமே நடப்பதில்லை என்று இனிச் சொல்லாதீர்கள். அப்படியே மருந்துப்போலிதான் என்று வைத்துக்கொண்டாலும், என் நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

"செலவு அதிகம்." புகைத்ததைவிடக் குறைவு.

"மன உறுதி இருந்தால் எதுவுமே வேண்டாம்." இதுதான் என்னைக் கொல்வது. எந்த உதவியும் இல்லாமல் விட முயல்கிறவர்களில் 100-க்கு 3 முதல் 5 பேர்தான் ஆறு மாதமோ ஓராண்டோ தாண்டுகிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மற்ற 95 பேரும் மன உறுதி இல்லாதவர்களா? அவர்களில் குழந்தை வளர்த்தவர்கள் இல்லையா, கடன் அடைத்தவர்கள் இல்லையா, பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்கள் இல்லையா? புகையே பிடிக்காதவர் மன உறுதி பற்றிப் பேசும்போது எனக்கு எதையாவது தூக்கி எறியத் தோன்றுகிறது. எறிவதில்லை. மன உறுதி.

இவ்வளவையும் நான் அந்த மேடையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, சிரித்தேன். அதுதான் நான்கு நாட்களாக உறுத்துகிறது. என்னை அழைத்தது புகையை விட்டவன் என்ற முறையில் பேசுவதற்கு. என் முறை வருவதற்கு முன்பே நான் வேடிக்கைப் பொருளாகிவிட்டேன். "இப்போது நீங்கள் ஒரு கோழி" என்றார், அரங்கம் அதிர்ந்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். முகத்தைச் சுளித்திருந்தால் "விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்" என்பீர்கள். இப்போதும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள்.

மூன்றாவது வரிசையில் என் நண்பர் உட்கார்ந்திருந்தார். ஒன்பது ஆண்டுகள் ஒரே படிக்கட்டில் நின்று புகைத்தவர்கள் நாங்கள். என்னைப் பார்த்து, பல மாதம் தயங்கி, அந்த அம்மையாரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தார். சனிக்கிழமை இரவு அவரிடமிருந்து செய்தி வந்தது: "ரத்து செய்துவிட்டேன். உன்னைப் பார்த்தே இப்படிச் சிரிக்கிறார்கள்." காக்ரேன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து விட்டிருப்பாரா? விட்டிருக்க மாட்டார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அது தோற்றிருந்தால் அடுத்ததாக ஒரு மருத்துவரிடம் போயிருப்பார். இனி அங்கேயும் போக மாட்டார், மருத்துவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று பார்த்துவிட்டார். ஞாயிறு இரண்டு முறை அழைத்தேன், இன்று காலை ஒரு முறை. எடுக்கவில்லை.

கடைசியாக அந்தப் பேனா. அது என்னுடையது. விட்ட நாளிலிருந்து வலது கையில் சிகரெட் இருந்த அதே இடத்தில் ஒரு நீலப் பேனாவை வைத்துக்கொள்கிறேன். கூட்டம் என்றால் கட்டாயம் வேண்டும். "கொஞ்சம் கொடுங்கள்" என்றார், எழுதத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் மேடையில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன். முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நான்கு பேர் புகைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று என் பக்கம்தான் வந்தது. நகராமல் நின்றேன், இரண்டு நிமிடம் இருக்கும். விரல்கள் விலகியிருந்தன. சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மருத்துவரே, பேனா உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. காணொளியின் 17-ஆவது விநாடியில் நீங்கள் செருகுவது தெரிகிறது. மூடியில் பல் பதிந்திருக்கும், என்னுடையதுதான். அனுப்பிவையுங்கள்.