விண்டர் டயருக்கு ரிம்: எடையை விடுங்கள், நட்டைப் பாருங்கள்

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் விண்டர் டயருக்குத் தனி ரிம் செட் வாங்கப் போனால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஸ்டீல் ரிம் போட்டால் மைலேஜ் குறையுமா?" மைலேஜுக்காகவே வாங்கிய கார், கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கே நேரத்தையும் காசையும் கொட்டிவிட்டு, கட்டாயம் பார்க்கவேண்டிய அளவுகளைக் கோட்டை விடுகிறார்கள். என்னைக் கேட்டால் ரிம்மின் எடை கடைசியில் வரட்டும், நட் உட்காரும் இடம் முதலில் வரட்டும்.

எடையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 15 அங்குல ஸ்டீல் ரிம்முக்கும் அதே அளவு அலாய்க்கும் ஒன்றுக்கு ஒன்றரை கிலோ வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் 6 கிலோ. சுழலும் எடை என்பதால் வேகமெடுக்கும்போது அது கூடுதலாகத் தெரியும். ஆனாலும் இரண்டு மடங்கைத் தாண்டாது, அதாவது 12 கிலோ. கார் 1400 கிலோ என்றால் ஒரு சதவீதம்கூட வரவில்லை. அதிலும் ஹைபிரிட்டில் வேகம் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அந்தச் சக்தியில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே சாதாரணக் காரைவிட ஹைபிரிட்டில் ரிம் எடையின் பாதிப்பு இன்னும் குறைவு.

குளிர்காலத்தில் மைலேஜ் விழுவது உண்மை, ஆனால் காரணம் வேறு. காருக்குள் சூடு வேண்டும் என்பதற்காகவே எஞ்சின் அடிக்கடி ஓடுகிறது. குளிர்ந்த பேட்டரி வழக்கம்போல் மின்சாரம் வாங்கவும் மாட்டாது, கொடுக்கவும் மாட்டாது. காற்று அடர்த்தியாகிவிடுகிறது. இவற்றோடு டயர் காற்றும் இறங்குகிறது: வெப்பநிலை 5.5 டிகிரி குறைந்தால் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. பிடித்த டயரில் மைனஸ் 10 டிகிரியில் 28தான் இருக்கும். மைலேஜ் மேல் அக்கறை இருந்தால் மாதம் ஒருமுறை, கார் ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது காற்றுப் பாருங்கள். லேசான ரிம்முக்குக் கொடுக்கும் காசைவிட அது அதிகம் மிச்சப்படுத்தும்.

சரி, எந்த அளவு ரிம்? உங்கள் காருக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் ஆகச் சிறியது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் லேபிளிலும் கையேட்டிலும் அது இருக்கும். 2010 முதல் 2022 வரை வந்த டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸை எடுத்துக்கொண்டால் 195/65 ஆர் 15, 215/45 ஆர் 17 என்று இரண்டு அளவுகள் (195 டயரின் அகலம் மி.மீ.யில், 65 அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 ரிம்மின் அங்குல அளவு). முதலாவதன் மொத்த விட்டம் ஏறக்குறைய 634 மி.மீ., இரண்டாவது 625 மி.மீ. வெளி அளவில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பக்கச்சுவர் 127 மி.மீ. எங்கே, 97 மி.மீ. எங்கே! பனி மூடிய குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த உயரம்தான். ஒடுங்கிய டயர் தளர்ந்த பனியையும் சகதிப் பனியையும் வெட்டிக்கொண்டு கீழே போகும். அகல டயர் அதன் மேல் மிதக்கப் பார்க்கும். பல கார்களின் கையேட்டில் பெரிய அளவு டயருக்குப் பனிச்சங்கிலி போடக்கூடாது என்றே இருக்கும், இதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். 195/65 டயருக்கு 6 அங்குல அகல ரிம் சரியான பொருத்தம். ஐந்தரையிலிருந்து 7 வரை ஏற்கும்.

சிறிய ரிம்முக்கு ஒரே தடை, பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர். அடிப்படை மாடலில் 16 அங்குல ரிம் போகிறது என்பதற்காக அதே காரின் பிளக்-இன் வகையிலும் போகும் என்று நினைக்காதீர்கள். அவற்றில் பெரிய டிஸ்க் இருக்க வாய்ப்புண்டு. பழைய ரிம் கைக்குக் கிடைத்தால் டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை முன்பக்க ஹப்பில் (சக்கரம் மாட்டும் பாகம்) மாட்டி, நட்டுகளைக் கையால் இறுக்கி, ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையில் 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் பேலன்ஸ் எடையையும் கணக்கில் சேருங்கள். உரசுவது பெரும்பாலும் அதுதான்.

அடுத்து போல்ட் வட்டம், அதாவது நட் துளைகள் அமைந்த வட்டம்: 5×100 என்றால் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 5 துளைகள். அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். "பிரியஸ் ரிம்" என்று விற்பனைக்கு வந்தால் அது எந்த பிரியஸ்? வழக்கமான பிரியஸ் 2004 முதல் 2022 வரை 5×100, நடுத்துளை 54.1 மி.மீ. நீளமான பிரியஸ் வி 5×114.3, நடுத்துளை 60.1. 15 அங்குல ரிம் உள்ள சின்ன பிரியஸ் சி 4×100. 2023இல் வந்த புதிய பிரியஸ் 5×114.3க்கு மாறிவிட்டது. அதன் ஸ்டட் (நட் ஏறும் திருகு) எம்14, பழையது எம்12 × 1.5, அதாவது 12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ. ஆகவே பழைய ரிம்மும் வராது, பழைய நட்டும் ஏறாது. மறுபக்கம், பெயர் வேறாக இருந்தும் பொருந்துபவை உண்டு. 2009 முதல் 2013 வரை வட அமெரிக்காவில் விற்ற டொயோட்டா கொரோலாவின் 15 அங்குல ஸ்டீல் ரிம்மும் 5×100, 54.1தான். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பைத் தொடும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) மட்டும் சில மி.மீ. வேறுபடலாம். பழைய பொருள் தேடுபவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

5×112 ரிம்மை 5×114.3 ஹப்பில் ஏற்ற முயல்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், நட்டும் எப்படியோ ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் பக்கவாட்டில் வளைந்த நிலையில் இழுபட்டுக்கொண்டிருக்கும். செய்யவே கூடாது.

நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் வளையம் போட்டுச் சரிசெய்யலாம், சிறிதாக இருந்தால் ஏறவே ஏறாது. பழைய சுபாரு இம்ப்ரெசாவின் 5×100 ரிம்மில் நடுத்துளை 56.1, பிரியஸுக்கு 54.1 வளையம் வேண்டும். அதோடு வரும் சுபாரு நட்டுகளை ஒதுக்கிவிடுங்கள், அவற்றின் மரை 1.25, பிரியஸுக்கு 1.5. வளையத்தில் பிளாஸ்டிக்கே எடுங்கள் என்பேன். அலுமினிய வளையம் உப்புத் தண்ணீரில் ஹப்போடு இறுகிப் பிடித்துக்கொள்ளும், வசந்தத்தில் கழற்ற உயிர் போகும். ஆஃப்செட் ஒரிஜினலிலிருந்து 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும், உப்பும் சகதியும் கதவெல்லாம் அடிக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். எண் கூடினால் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும்.

இப்போது நட்டுக்கு வருகிறேன். ரிம்மின் துளையில் நட் உட்காரும் வடிவம் மூன்று வகை: 60 டிகிரி கூம்பு, உருண்டை, வாஷரோடு தட்டையாக உட்காருவது. தனியாக விற்கும் ரிம்களில் பெரும்பாலானவை கூம்பு. ஹோண்டாவின் ஒரிஜினல் நட் உருண்டை. டொயோட்டாவின் பல அலாய்களுக்குத் தண்டும் தட்டை வாஷரும் கொண்ட நட். ஃபோக்ஸ்வாகனின் ஒரிஜினல் 5×100 ரிம் பிரியஸில் ஏறுவதுபோலத் தெரிந்தாலும் அதன் துளை உருண்டை வடிவம், கூம்பு நட்டுக்கு உதவாது.

வடிவம் மாறினால் என்ன ஆகும்? உருண்டைத் துளையில் கூம்பு நட் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொடும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் சரியாகவே "கிளிக்" என்று சொல்லும், ஆனால் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கும் விசை போதாது. கொஞ்ச தூரம் ஓடியதும் அந்தக் கோடு நசுங்கும், இறுக்கம் தளரும், சக்கரம் நுண்ணியதாக ஆடத் தொடங்கும், ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து களைத்து முறியும். முதலில் ஸ்டியரிங்கில் நடுக்கம், பிறகு சுற்றுக்கு ஒருமுறை "டக் டக்". அந்தச் சத்தம் கேட்டால் வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரம் கட்டுங்கள். புதிய ரிம்முக்கு அதற்கேற்ற புதிய நட்டுகள், ஐந்து ஸ்டட் காருக்கு 20, வாங்கிவிடுங்கள். துளை ஒடுங்கிய அலாய்க்கு மெல்லிய நட்டும் தனிச் சாவியும் வரும். அந்த நட் சாவி காரிலேயே இருக்கட்டும்.

ஸ்டீலா அலாயா என்ற கேள்விக்கு என் பதில்: எது மலிவாகச் சரியான அளவில் கிடைக்கிறதோ அது. முழுதும் பெயின்ட் பூசிய சாதாரண அலாய் நல்ல தேர்வு. குரோம் பூசியதும், முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கியதும் வேண்டாம். மேல்பூச்சில் ஒரு சிறு கீறல் போதும், உப்பு உள்ளே புகுந்து பூச்சை உரிக்கும். அது டயர் உட்காரும் விளிம்பு வரை போனால் காற்று மெல்லக் கசியும். ஸ்டீலும் துருப்பிடிக்கும், ஆனால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். குழியில் விழுந்தால் அலாய்போல் விரிசல் விடாமல் பெரும்பாலும் வளையும். எந்த ரிம்மானாலும் உள்ளே பனி அடைந்து உறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் கார் உதறும். பேலன்ஸ் போய்விட்டது என்று கடைக்கு ஓடும் முன் அந்தப் பனியைத் தட்டி எடுத்துப் பாருங்கள்.

ரிம்மில் மிச்சம் பிடித்த காசு டயருக்குப் போகட்டும். சகதிக்கும் பனிக்கும் என்று குறிக்கும் எம்+எஸ் எழுத்து மட்டும் போதாது, மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் உள்ள சின்னம் வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே டயர். பின்பக்கம் தனி மோட்டார் உள்ள நான்கு சக்கர ஹைபிரிட்டுக்கும் இதே விதிதான். ஹைபிரிட்டின் எடைக்குச் சுமைக் குறியீடு முக்கியம்: 91 என்றால் டயருக்கு 615 கிலோ, 95 எக்ஸ்.எல். (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்றால் 690 கிலோ. லேபிளில் உள்ளதற்குக் குறையவே கூடாது. உருள்தடை குறைந்த விண்டர் டயர்களும் உண்டு. மிச்செலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர்5 போன்றவற்றைப் பாருங்கள். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கு விசை தரும், பனிக்கட்டியில் அது சக்கரத்தைச் சும்மா சுழற்றும், உடனே டிராக்ஷன் கன்ட்ரோல் விசையை வெட்டிவிடும். பிடிமானம் இல்லாத டயரில் ஹைபிரிட் ஏற்றத்தில் அப்படியே நின்றுவிடுவது இதனால்தான்.

காற்றழுத்த சென்சாரில் இரண்டு முறைகள். ஏ.பி.எஸ். மூலம் கணிக்கும் கார் என்றால் ரிம்முக்குள் எதுவும் வேண்டாம், மெனுவில் ஒருமுறை காலிபரேட் செய்தால் போதும். ரிம்முக்குள் சென்சார் உள்ள கார் என்றால் நான்கு புது சென்சார்கள் வேண்டும். சென்சாரின் அலைவரிசை வட அமெரிக்காவில் விற்ற பல டொயோட்டாவுக்கு 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433. மாற்றி வாங்கினால் கார் கண்டுகொள்ளாது. பழைய சென்சார்களின் அடையாள எண்களைக் குளோன் செய்யச் சொல்வது நல்லது. அப்போது சீசன் மாறும்போது ஒவ்வொரு முறையும் பதிவு செய்யத் தேவையில்லை.

மாட்டும்போது காரை முழுதாக ஆஃப் செய்து, கார் சாவியைக் காரிலிருந்து தள்ளி வையுங்கள். ஆன் செய்த "ரெடி" நிலையில் எஞ்சின் சத்தமே இருக்காது, ஆனால் கார் நகரத் தயாராக இருக்கும். ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அங்கே துரு இருந்தால் நட் பின்னால் தளரும். மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. சொல்லப்பட்ட டார்க் அளவு உலர்ந்த மரைக்கானது. சக்கரம் கழன்றிருக்கும்போதே காலிப்பரின் சறுக்கு பின்கள் நகர்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஹைபிரிட்டில் பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேடும் டிஸ்க்கும் குறைவாகவே வேலை செய்கின்றன, உப்பில் அவை துருப்பிடித்து இறுகுவது சாதாரணம். பிறகு நட்டுகளை நட்சத்திர வரிசையில் கையால் ஏற்றி, காரைத் தரையில் இறக்கி, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். எம்12 ஸ்டட் உள்ள பிரியஸுக்கு 103 நியூட்டன் மீட்டர். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின், ரிம் குளிர்ந்திருக்கும்போது, அதே ரெஞ்ச்சால் இருபதையும் இன்னொரு முறை சரிபாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, நட்டும் துளையும் எப்படித் தொட்டிருக்கின்றன என்பதைத் தடம் வைத்துப் பாருங்கள்.