வரி நோட்டுல அப்பா பேர்

பாளையங்கோட்டையைப் பத்தி யார் எழுத ஆரம்பிச்சாலும் முதல் வரியிலயே 'தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு' வந்து உக்காந்துக்கிடுது. பொய்யில்ல. 1878-ல ஜான்ஸ், 1895-ல சாராள் தக்கர், 1923-ல சேவியர்ஸ். ஆனா காலேஜைக் காட்டி ஊரைச் சொல்றது, கல்யாண வீட்டு வாசல் வாழைமரத்தைப் பாத்துட்டு சாப்பாடு பிரமாதம்னு சொல்ற மாதிரி.

இங்க ஊருக்குள்ள யாரும் "திருநவேலிக்குப் போறேன்"னு சொல்ல மாட்டாங்க. ஆத்தைத் தாண்டினா ஜங்ஷன், அதையும் தாண்டினா டவுன், இங்கிட்டு பாளை. 1994-ல மாநகராட்சின்னு எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டினாங்க. முப்பது வருஷம் ஆகியும் பேச்சுல அந்தக் கட்டு அவுந்துதான் கிடக்கு. ரெண்டு கரையையும் நிசமாச் சேத்தது 1843-ல சுலோச்சன முதலியார் கைக்காசைப் போட்டுக் கட்டின பாலம்தான்.

பழைய கதை நிறைய உண்டு. ஊமைத்துரை 1801-ல சிறையிலிருந்து தப்பிச்சுப் போனது இந்தக் கோட்டையிலிருந்துதான். பிராமண வீட்டுல பிறந்து கிறிஸ்தவரான குளோரிந்தா 1785-ல கட்டின சர்ச்சுக்கு ஊர்ல பேரு பாப்பாத்தியம்மாள் கோயில். 1826-ல ரேனியஸ் பாதிரியார் கட்டின சர்ச்சு ஊசிக்கோபுரம். சர்ச்சையும் 'கோயில்'னுதான் சொல்லுவோம். "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்"னா எந்தக் கோயில்னு ஆளைப் பாத்துப் புரிஞ்சுக்கிடணும்.

நான் காட்ட நினைக்கிற பாளை ஒரு டீக்கடையில இருக்கு. கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், காது கேளாத பிள்ளைகளுக்கு ஒண்ணு, ரெண்டுமே நூறு வருஷத்துக்கு மேலா இந்த ஊர்ல இருக்கு. நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க தெரு முக்குக் கடைக்கு காது கேளாத பையங்க நாலஞ்சு பேரு வருவாங்க. அண்ணாச்சி ஒரு கையில டீ ஆத்திக்கிட்டே மறு கையால "வடை தீந்துபோச்சு, பஜ்ஜி இருக்கு, நேத்து பாக்கி ஒத்த ரூவா"ன்னு முழுசாப் பேசி முடிச்சிருவாரு. அவருக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. வெள்ளைக் கம்போட ஒரு பிள்ளை ரோட்டோரம் நின்னா, பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காம நிறுத்துவாரு, கண்டக்டர் இறங்கி வந்து முழங்கையை நீட்டுவாரு. கையைப் புடிச்சு இழுக்கக்கூடாது, அவங்கதான் நம்ம முழங்கையைப் புடிக்கணும்னு எனக்குத் தெரிஞ்சது அப்படிப் பாத்துத்தான்.

அடுத்தது தசரா. பேராட்சி, ஆயிரத்தம்மன், தூத்துவாரி, முப்பிடாதி, உலகம்மன், முத்தாரம்மன், உச்சினிமாகாளின்னு பன்னிரண்டு அம்மனும் சப்பரத்துல ராத்திரி முழுக்கத் தெருத்தெருவா வந்து, மறுநாள் காலையில வரிசையா நிக்கிற காட்சி இருக்கே! அன்னைக்கு நடுராத்திரி எருமைக்கிடா மைதானத்துல சூரசம்ஹாரம். உடனே 'ஒற்றுமை'ன்னு கண்ணுல தண்ணி விட வேண்டாம். யாதவர் உச்சினிமாகாளி, விஸ்வகர்மா உச்சினிமாகாளின்னு அம்மன் பேர்லயே சாதி இருக்கு. எது முந்தி, எது பிந்திங்கிறதுல ஊர் ரொம்பக் கவனமா இருக்கும். நான் ரசிக்கிறது வேற. ஒரு சப்பரம் முக்குல திரும்பும்போது எதிர்ல இன்னொண்ணு வந்தா, அது அப்படியே நிக்கும். கொட்டு ஒரு நிமிஷம் அடங்கும். வயரைக் கவட்டைக் கம்பால தூக்கிப் புடிக்கிற ஆளு ரெண்டு சப்பரத்துக்கும் சேத்துப் புடிப்பாரு. அவரு எந்தத் தெருன்னு அப்ப யாரும் கேக்கிறதில்ல.

இதுக்கெல்லாம் காசு, தெருக்காரங்க தங்களுக்குள்ள போட்டுக்கிடுற வரியிலதான் வருது. தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு நீள நோட்டு, கோடு போட்டு, பேர் எழுதி. எட்டு வருஷம் முந்தி நாங்க பெருமாள்புரம் பக்கம் பிளாட் வாங்கிட்டு வந்தோம். முதல் வருஷம் பழைய தெருப் பையங்க ரெண்டு பேரு நோட்டோட படியேறி வந்தாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாங்கதான் அங்க இல்லையேப்பா." வந்த பையன் கோவப்படல. "சரி மாமா, அப்ப தசராவுக்கு வாங்க"ன்னுட்டு இறங்கிட்டான். கதவைச் சாத்தினதும் வீட்டுக்காரி என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதை இங்க எழுத முடியாது.

2023 டிசம்பர் வெள்ளத்துல ஜங்ஷன், கொக்கிரகுளம், மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணிக்குள்ள கிடந்தப்போ, எங்க குடியிருப்பு வாட்ஸப் குழுவுல ரெண்டு நாளா ஓடின பேச்சு லிப்ட் எப்ப ஓடும்ங்கிறதுதான். அதே நேரத்துல பழைய தெருவுல கோயில் கொடைக்குச் சோறாக்குற அண்டாவை வெளிய எடுத்து, சாம்பார் சாதம் கிண்டி, பொட்டலம் கட்டி ஆட்டோவுல ஏத்திக்கிட்டு இருந்தாங்க. யார் வீட்டுல அரிசி, யாருக்கிட்ட ஆட்டோ, யாரு ராத்திரி முழிப்பாங்கன்னு அந்த நோட்டு வச்சிருக்கிறவனுக்குத்தான் தெரியும். பிளாட்டுல எதிர்வீட்டுக்காரர் பேரே எனக்கு கூரியர் கவரைப் பாத்துத்தான் தெரியும்.

அடுத்த தசராவுக்கு நானே நடந்து போனேன். நோட்டு வச்சிருந்தது அதே பையன். பக்கத்தைப் புரட்டினா, வரிசையில பதினோராவது பேரு எங்க அப்பாது. செத்து ஆறு வருஷம் ஆச்சு. நான் குடுக்காத வருஷங்களுக்கு நேரா கோடு மட்டும் போட்டு வச்சிருந்தாங்க, பேரை அடிக்கல.

"பேரை மாத்திரவா மாமா?"

"இருக்கட்டும்டே. பாக்கி எவ்வளவு, அதைச் சொல்லு."