சிபியு தூங்குகிறது, வாசலில் கூட்டம் நிற்கிறது

எங்கள் குடியிருப்பில் 212 வீடுகள். வாசலுக்கு வருகிறவர்களைப் பதிவு செய்யும் நிரலை 2018இல் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பைத்தான் மொழி, அதில் வலைச்செயலி எழுத உதவும் ஃபிளாஸ்க், தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட், மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர், அவ்வளவுதான். காவலாளி வந்தவரின் பெயரையும் வீட்டு எண்ணையும் தட்டுவார். வீட்டுக்காரரின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அவர் 'வரட்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ அழுத்தும்வரை காவலாளியின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறு இரவு எட்டு மணிக்குச் சங்கச் செயலாளர் அழைத்தார். "தம்பி, சர்வர் செத்துவிட்டது. பராமரிப்பு ரசீது எடுக்க முடியவில்லை." உள்ளே நுழைந்து பார்த்தேன். கணக்குப் போடும் சில்லான சிபியுவின் பயன்பாடு இரண்டு சதவீதம். செத்ததற்கான அறிகுறியே இல்லை. வாசலில் நான்கு பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றார்கள். நான்கு வீட்டிலும் யாரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை. நிரலைச் சர்வரில் ஓட்டும் குனிகார்னில் நான் ஓடவிட்டிருந்த பிராசஸ்களும், அதாவது நிரலின் பிரதிகளும், நான்குதான். ஆளுக்கு ஒரு வீட்டின் பதிலுக்காகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தன. இத்தனைக்கும், 30 விநாடி பதில் வராவிட்டால் பிராசஸைக் கொன்றுவிட்டு வேறொன்றைத் தொடங்குவது குனிகார்னின் இயல்பு. அதை 120 விநாடியாக உயர்த்தி வைத்த புண்ணியவானும் நான்தான்.

எங்கள் காவலாளி அண்ணன் இப்படி நிற்கமாட்டார். ஒருவருக்குப் பதில் வரவில்லையென்றால், "கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார். யாருக்கு முதலில் பதில் வருகிறதோ அவரை உள்ளே அனுப்புவார். ஒரே ஆள்தான், இருபது பேர் காத்திருந்தாலும் சமாளிப்பார். ஒத்திசைவற்ற நிரலாக்கம் என்று நாம் பெரிய பெயர் வைத்து மிரட்டுவது இதைத்தான். (ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் 'அசிங்க்' என்று எழுதினால் முக்கால்வாசி அசிங்கமாகவே வந்து நிற்கிறது. அதனால் நீளமான பெயரே இருக்கட்டும்.)

இதில் புதுமை எதுவும் இல்லை. ஒரே கணினியில் பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்குவது என்று டான் கெகல் எழுதியது 1999இல். இதே முறையில் இயங்கும் இகோர் சிசோயெவின் வலை சர்வர் என்ஜின்எக்ஸ் வெளிவந்தது 2004இல். ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் 2009. பைத்தானின் மூல நூலகத்தில் இது சேர்ந்தது 2014இல். 'இதற்குப் பதில் வரும்வரை அடுத்தவரைக் கவனி' என்று பொருள்படும் 'அவெய்ட்' போன்ற, நிரலில் எழுத வசதியான சொற்கள் கிடைத்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆனாலும் இன்றைக்கும் "மாற்றினால் பத்து மடங்கு வேகம்" என்று ஆசை காட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். ஒரு கணக்கைப் போட ஒரு விநாடி ஆகுமென்றால், எப்படி எழுதினாலும் ஒரு விநாடிதான் ஆகும். காத்திருக்கும் செலவுதான் குறையும். உங்கள் நிரல் எங்கே காத்திருக்கிறது என்று பார்க்காமல் இதில் கைவைப்பது வீண்வேலை.

நானும் கைவைத்தேன். ஃபிளாஸ்க்கின் இலக்கணத்தையே பின்பற்றும் குவார்ட்டுக்கு மாறினேன். இரண்டு வார இரவுகள் போயின. நான்கு பிராசஸ் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று. முதல் வாரம் முன்பைவிட மோசம். வட்டம் சுற்றினால் எல்லோருக்கும் சேர்ந்தே சுற்றியது. பைத்தானின் பிழைதேடும் நிலையைப் போட்டு ஓட்டினேன். அதில், நூறு மில்லிவிநாடிக்கு மேல் வழியை அடைத்து நிற்கும் வேலையைப் பைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பதிவில் வந்து விழுந்தது: ஆறு விநாடி. குறுஞ்செய்தி அனுப்பும் வரியில் பதில் வரும்வரை நகராத பழைய 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்தை அப்படியே விட்டிருந்தேன். முன்பு அந்த ஆறு விநாடி நான்கில் ஒரு பிராசஸை மட்டும் நிறுத்தியது. இப்போது இருப்பதே ஒன்று. காவலாளி அண்ணன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றதுபோல ஆகிவிட்டது. அந்த வரிக்கு, காத்திருக்கும்போது மற்றவர்களுக்கு வழிவிடும் எச்டிடிபிஎக்ஸ் நூலகத்தைப் போட்டேன். வந்தவரின் புகைப்படத்தைச் சுருக்கும் வேலையைத் பிராசஸுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு திரெட்டுக்குத் தள்ளினேன். அதன்பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிக்கலுக்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை. குனிகார்னைத் தொடங்கும் வரியில் பிராசஸுக்கு நாற்பது திரெட் என்று ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தால் போதும், 160 பேர் காத்திருக்கலாம். எங்கள் வாசலில் 160 பேர் நின்றால் போலீஸைத்தான் கூப்பிட வேண்டும். சின்ன சர்வர் வைத்திருக்கிறவர்கள் முதலில் அந்த ஒரு வரியை முயன்று பாருங்கள். ரசீது, கணக்கு, அறிவிப்புப் பலகை போன்ற பக்கங்களுக்கு என் மாற்றத்தால் ஒரு பைசா லாபம் இல்லை. நிரல் முழுக்க 'அவெய்ட்' தூவியதுதான் மிச்சம்.

எனக்கு அது பயன்பட்டது வேறோர் இடத்தில். குறுஞ்செய்திச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று சங்கம் முணுமுணுத்ததால், குடியிருப்போரின் கைப்பேசிகளே சர்வரோடு ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும்படி செய்தேன். வீட்டுக்கு இரண்டு மூன்று கைப்பேசி. நாள் முழுக்க ஐந்நூறு, அறுநூறு இணைப்புகள் சும்மாவே திறந்து கிடக்கின்றன. இதற்குத் திரெட் போட்டு மாளாது. அந்த ஒற்றைப் பிராசஸ் அசராமல் ஓடுகிறது.

ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்பது மாறியதும் புதுத் தலைவலி வந்தது. ஒரே பிராசஸ், ஒரே திரெட், அதனால் இரண்டு பதில்கள் மோதவே முடியாது என்று தைரியமாக இருந்தேன். 'இந்தக் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறதா' என்று தரவுத்தளத்தைக் கேட்கும் இடத்தில் ஓர் 'அவெய்ட்', முடிவை எழுதும் இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அடுத்த பதில் நுழைந்துவிடலாம் என்பது தோன்றவில்லை. ஒரு மாலை கணவர் 'வரட்டும்' என்று அழுத்தினார். அதே நொடியில் மனைவி 'வேண்டாம்' என்று அழுத்தினார். இரண்டுமே செல்லுபடியாயின. காவலாளியின் திரையில் முதலில் பச்சை, உடனே சிவப்பு. வாசலில் நின்றவர் கணவரின் சித்தப்பா.

இப்போது 'நிலுவையில் இருந்தால் மட்டும் மாற்று' என்று ஒரே கட்டளையாக எழுதிவிட்டேன். முதலில் வரும் பதில்தான் நிற்கும். அது யாருடைய பதிலாக இருக்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.