ஸ்டென்ட்டுக்குப் பணம் அனுப்பியாச்சு, அப்புறம்?

ஊரில் யாருக்காவது மாரடைப்பு என்றால் சிங்கப்பூரில் இருக்கும் நாம் ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் அனுப்பிவிடுகிறோம். ஆஞ்சியோ, ஸ்டென்ட், ஐசியூ என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கும் கேட்கிறோம். வீடு திரும்பியதும் "மாடிப்படி ஏற விடாதீங்க, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

எனக்கு இந்த ரெஸ்ட்தான் உறுத்துகிறது. இங்கே பிஷான் ஜங்ஷன் 8 கடைத்தொகுதியிலேயே சிங்கப்பூர் இதய அறநிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. பைபாஸ் ஆனவர்கள் அங்கே கண்காணிப்போடு உடற்பயிற்சி செய்கிறார்கள். இதற்குப் பெயர் இதய மறுவாழ்வு: உடற்பயிற்சி, மாத்திரை, சாப்பாடு, புகையை விடுவது, மனப்பயத்தைப் போக்குவது எல்லாம் சேர்ந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 85 ஆய்வுகளை வைத்து 2021இல் வெளியிட்ட அறிக்கை, உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு இதயநோய் மரணத்தையும் மறுபடி மருத்துவமனையில் சேர்வதையும் குறைக்கிறது என்கிறது. ஆனால் உலகில் பாதி நாடுகளுக்குச் சற்று மேல்தான் இந்த வசதியே உண்டு. இதயநோய் மரணங்களில் முக்கால்வாசிக்கு மேல் நடப்பதோ ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்.

அங்கெல்லாம் மறுவாழ்வு வசதி இல்லாததற்கு டிரெட்மில் இல்லாததுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ள எந்த மெஷினும் வேண்டாம், தெரு போதும். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 4,000 பேரிடம் யோகாவை வைத்தே ஒரு மறுவாழ்வுத் திட்டத்தைச் சோதித்தார்கள். மரணம் குறைந்ததாக உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும், தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று அவர்களே போட்ட மதிப்பெண்ணும் மேம்பட்டன. அதிகம் செலவில்லாத ஒரு வழிக்கு இது சின்ன விஷயமில்லை.

யாருக்குச் சொல்லித்தருவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். நோயாளிக்கு மட்டும் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தால், அவர் வாசலைத் தாண்டுவதற்குள் மனைவி, மகள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்து கட்டிலில் உட்காரவைத்துவிடுவார்கள். பாசம்தான், வேறென்ன! குழம்பில் உப்பு எவ்வளவு என்பதும் அவர் கையில் இல்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். மாரடைப்பு வந்த வீட்டில் அவர்களே இதையும் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினால் எவ்வளவு நல்லது.

அதுவரை நம் ஃபோன் இருக்கிறது. காசு அனுப்புகிறவன் பேச்சுக்கு வீட்டில் கொஞ்சம் மரியாதையும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று ஸ்பீக்கரில் போடச் சொல்லி, வீட்டார் காதுபட டாக்டரிடமே கேளுங்கள்: எப்போதிலிருந்து நடக்கலாம், எவ்வளவு தூரம், என்ன தொந்தரவு வந்தால் உடனே நிறுத்த வேண்டும், எந்த மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.