இறந்தவரிடமும் சம்மதம் கேட்கும் நெக்ரோமான்சர்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டை ஆடுகிறவர்களிடம் ‘நல்ல நெக்ரோமான்சர்’, அதாவது இறந்தவர்களை வைத்து மந்திரம் செய்கிற நல்லவர், என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு கோமாளியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கறுப்பு அங்கி, வாய் நிறையச் சிரிப்பு, தேநீர் பரிமாறும் எலும்புக்கூடு, அதற்கு ஒரு செல்லப் பெயர். முதல் ஆட்டத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்தடுத்த ஆட்டங்களில் அந்தப் பாத்திரத்துக்கு வேலையே இருக்காது. எனக்கு இது பெரிய வருத்தம். இறந்தவர்களோடு தொழில் செய்கிற ஒருவர் நல்லவரா என்பதை, அவர் இறந்தவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வைத்துத்தானே சொல்ல முடியும்? அதை யாரும் ஆடிப் பார்ப்பதே இல்லை.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு, ‘அனிமேட் டெட்’ போன்ற மந்திரங்களால் பிணங்களை எழுப்புவது நற்செயல் அல்ல, தீயவர்களே அதை அடிக்கடி செய்வார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த ஒரு வரியைக் காட்டி நெக்ரோமான்சரே கூடாது என்று சொல்லும் டஞ்சன் மாஸ்டர்கள் (ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) உண்டு. ஆனால் அதே புத்தகத்தில், செத்து விழுந்த வீரனை ஒரு நிமிடத்துக்குள் பிழைக்கவைக்கும் ‘ரிவிவிஃபை’ எந்த வகை மந்திரம்? நெக்ரோமான்சி. செத்துப் பத்து நாட்கள் வரை ஆனவருக்கும் உயிர் கொடுக்கும் ‘ரெய்ஸ் டெட்’? அதுவும் நெக்ரோமான்சி. 1978இல் வந்த பழைய கையேட்டில் காயம் ஆற்றும் மந்திரம்கூட இந்த வகையில்தான் இருந்தது. பின்னால் வந்த பதிப்புகள் அதை வேறு வகைகளுக்கு மாற்றிவிட்டன. 300 பொற்காசு பெறும் வைரத்தை வைத்துக் கோவில் குரு உயிர்ப்பித்தால் அற்புதம், இடுகாட்டுக் கிழவி தொட்டால் பாவம் என்பது எந்த ஊர் நியாயம்? வைரம் வாங்க வழியில்லாத வீட்டில் சாவு விழுந்தால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

எல்டா பாட்டி என்ற என் பாத்திரம் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. நோம் என்ற குள்ள இனத்தவர். மலைக்கிராமம் ஒன்றில் காலமெல்லாம் குழி வெட்டியவர். அவருக்கு மிகவும் பிடித்த மந்திரம் ‘ஜென்டில் ரிபோஸ்’. ஒரு சிட்டிகை உப்பு, கண்ணுக்கு ஒரு செப்புக்காசு. பத்து நாட்களுக்கு உடல் அழுகாது; வேறு எவனும் அதை நடைபிணமாக எழுப்பவும் முடியாது. சண்டையில் இந்த மந்திரத்தால் ஒரு பயனும் இல்லை என்பதால் பலர் இதை எழுதிக்கொள்வதே இல்லை. தூரத்து ஊரிலிருந்து மகன் வந்து முகம் பார்க்கும்வரை ஓர் உடலைக் காத்து வைப்பதைவிட ஒரு நெக்ரோமான்சருக்குப் பெரிய வேலை என்ன இருக்கிறது?

விதிகளில் என்னை உறுத்திய இன்னொன்று உண்டு. 2014 கையேட்டில், நெக்ரோமான்சி பயிலும் விசார்டுக்கு (படித்து மந்திரம் கற்றவர்) இறந்தவரோடு பேசும் ‘ஸ்பீக் வித் டெட்’ மந்திரம் கிடையாது. கோவில் குருவான கிளெரிக்குக்கும் பாணரான பார்டுக்கும் மட்டும்தான். அதாவது இவர் பிணத்தை எழுப்பலாம், ஏவலாம், ஆனால் அதனிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாது! 2020இல் வந்த துணைநூல்தான் இதை விருப்ப விதியாக விசார்டுக்குக் கொடுத்தது. அந்த விதியை அனுமதிக்க மாட்டேன் என்று டஞ்சன் மாஸ்டர் சொல்லியிருந்தால் நான் எல்டாவை ஆடியிருக்கவே மாட்டேன்.

அந்த மந்திரத்தில் ஐந்து கேள்விகள் கேட்கலாம். உயிரோடு இருந்தபோது அறிந்ததை மட்டுமே பிணம் சொல்லும். கேட்பவரைப் பகைவராகக் கண்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. வழக்கமாக ஐந்தையும் துப்பறிவதற்கே செலவிடுவார்கள். எங்கள் ஆட்டத்தில் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட மாவுமில்காரர் ஒருவரிடம் பேசினோம். கொன்றது யார், எத்தனை பேர், எந்தப் பக்கமிருந்து வந்தார்கள் என்றெல்லாம் நான்கு கேள்விகள் போய்விட்டன. ஐந்தாவதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. “யாருக்காவது செய்ய நினைத்து முடியாமல் போனது உண்டா அப்பா?” என்று எல்டா கேட்டார். டஞ்சன் மாஸ்டர் சற்று யோசித்துவிட்டு, இறந்தவரின் குரலில், “தங்கை வீட்டு மாட்டுத் தொழுவம் ஒழுகுகிறது. மழைக்கு முன்னால் கூரை மாற்றுகிறேன் என்று சொல்லியிருந்தேன்” என்றார். கொலைகாரர்களைத் துரத்த வேண்டிய குழு அடுத்த ஆட்டத்தின் பாதி நேரம் கூரை வேய்ந்தது. கோடரியைத் தவிர வேறெதையும் தொடாத எங்கள் முரட்டு வீரர் பார்பேரியன், வைக்கோல் கட்டு எத்தனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது கேள்வி இறந்தவருக்கே என்பது அன்றிலிருந்து எங்கள் மேசையில் வழக்கமாகிவிட்டது.

அப்படியானால் எல்டா எலும்புக்கூடுகளை எழுப்புவதே இல்லையா? எழுப்புவார். இந்த இடத்தில்தான் நான் பல ஆட்டக்காரர்களோடு முரண்படுகிறேன். எலும்புக்கூட்டைச் சாதுவாக மாற்றிவிடுங்கள் என்று டஞ்சன் மாஸ்டரிடம் கேட்காதீர்கள். ‘அனிமேட் டெட்’ எழுப்பியது 24 மணி நேரம்தான் சொல்பேச்சு கேட்கும். அதற்குள் மந்திரத்தை மறுபடி ஏவாவிட்டால், கிராமத்தின் நடுவில் யாருக்கும் அடங்காத கொலைவெறி பிடித்த ஒன்று நிற்கும். அந்த ஆபத்து இருக்கட்டும். வெள்ளத்தில் ஊர்மக்களைக் கரையேற்ற ஆள் போதாதபோது எல்டா எலும்புக்கூடுகளை எழுப்பினார். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் குழிக்குத் திருப்பி அனுப்பினார். ஒன்று கரையில் நின்றுபோனதைக் கவனித்து, மயங்கி விழும் நிலையிலும் தேடிப் போனார். அந்தப் பதற்றம் இல்லாவிட்டால் அவருடைய நல்ல மனத்துக்கு ஆட்டத்தில் ஒரு விலையும் இல்லை.

சம்மதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஸ்பீக் வித் டெட்’ ஆன்மாவைத் திருப்பி அழைப்பதில்லை. செத்த பிறகு நடந்த எதுவும் அந்த உடலுக்குப் புரியாது. புதிதாக ஒன்றைக் கேட்டுச் சம்மதம் வாங்கினால் அது சம்மதமே ஆகாது. அதனால் எல்டா உயிரோடு இருப்பவர்களிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறார். நம் ஊரில் மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானம் எழுதிக் கொடுப்பது போலத்தான். யார் சம்மதித்தார், எதற்கு மட்டும் சம்மதித்தார், எலும்பை எங்கே திருப்பி வைக்க வேண்டும் என்று ஒரு நோட்டு முழுக்க இருக்கிறது. “சுமை தூக்குவேன், யாரையும் அடிக்க மாட்டேன்” என்பது அதில் ஒரு பதிவு. அடிக்க ஆள் வேண்டிய நாளிலும் அந்தப் பக்கத்தை எல்டா திறக்க மாட்டார்.

இப்படி ஒரு பாத்திரம் நம்பும்படியாக இருக்காது என்கிறவர்கள் பைபிளில் 1 சாமுவேல் 28ஐப் படித்துப் பார்க்கலாம். இறந்தவர்களை அழைப்போரை நாட்டைவிட்டே துரத்திய சவுல் ராஜா, இரவில் வேடமிட்டு எந்தோரில் இருந்த ஒரு பெண்ணிடம் போகிறார். இறந்துபோன தீர்க்கதரிசி சாமுவேலை எழுப்பித் தரச் சொல்கிறார். ‘நாளை நீயும் உன் மகன்களும் என்னோடு இருப்பீர்கள்’ என்ற செய்தி வந்ததும், சாப்பிடாமல் கிடந்த ராஜா தரையில் விழுகிறார். தன் உயிருக்கே எமனாக வந்தவரை அந்தப் பெண் வற்புறுத்தி எழுப்பி, வீட்டிலிருந்த கொழுத்த கன்றை அடித்து, அப்பம் சுட்டுச் சாப்பிட வைக்கிறாள். எல்டா துக்க வீட்டில் முதலில் அடுப்பைப் பற்ற வைப்பது இந்தக் கதையிலிருந்து வந்தது.

ஆடத் தொடங்கும் முன் ஒன்று அவசியம். மேசையில் இருக்கும் எல்லோரிடமும் இந்தப் பாத்திரம் வரலாமா என்று கேளுங்கள். அண்மையில் யாரையாவது இழந்தவர் இருந்தால், அவர் சரி என்று சொல்லும்வரை வேறு பாத்திரத்தை ஆடுங்கள். எங்கள் குழுவில் அப்படி ஒரு சூழல் வந்தபோது எல்டாவைச் சில மாதங்கள் ஒதுக்கி வைத்தோம். கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

2024இல் வந்த புதிய கையேட்டில் விசார்டுக்கான நான்கு உட்பிரிவுகளில் நெக்ரோமான்சர் இல்லை. பழைய புத்தகத்திலிருந்து எடுத்துத்தான் ஆட வேண்டியிருந்தது. அதில் முதலில் கிடைக்கும் சிறப்புத் திறன்களில் ஒன்றோ, மந்திரத்தால் ஓர் உயிரைக் கொன்றால் நமக்கு உயிர்ப்புள்ளி கூட்டுவது. மறுபடி எழுதும்போது அதை எடுத்துவிட்டு, ‘ஸ்பீக் வித் டெட்’டை முதல் திறனாகவே கொடுங்கள் என்பதுதான் விதி எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள்.